மூட்டைக்குள் முளைத்த சீமைப்புல்

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். நான், என் மனைவி தனம், வீட்டுக்குச் சொந்தக்காரரான நர்சம்மா, களை எடுக்க வந்த கொளஞ்சி, கொளஞ்சியோடு வந்த நான்கு பெண்கள். வேறு யாரும் இல்லை. இதை ஏன் இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அந்தச் சாக்கைப் பிரிக்கும்போது என் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் இன்னும் யாராவது இருந்திருப்பார்களோ என்று பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். எட்டுதான். என்னைக் கழித்தால் ஏழு.

மழை விட்டுக் காலை வெயில் வந்திருந்தது. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்புக்கு நடுவே புதுவீடு. அதன் மோட்டார் கொட்டகையிலிருந்து நானும் தனமும் சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கி வந்து வைத்தோம். சாக்கு சூடாக இருந்தது. புளித்த கஞ்சியும் ஈர வைக்கோலும் சேர்ந்த வாசனை. கட்டை அவிழ்த்தேன். விதை கொட்டவில்லை. கவிழ்த்து உதறினேன். அப்போதும் கொட்டவில்லை.

சாக்கின் கண் ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர் நூல் நூலாக வெளியே வந்திருந்தது.

கொளஞ்சி குனிந்து பார்த்தாள். "என்னண்ணே, ஆட்டுக்குட்டிய சாக்குல போட்டுக் கட்டி வச்சிட்டீங்களா?" என்றாள். நான்கு பெண்களும் சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அது சிரிப்பைவிட மோசம்.

முடியும் என்று சொன்னது

பாடாலூரில் ரோட்டோரம் செடிக்கடை வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாத்தி கட்டத் தெரியும், பதியம் போடத் தெரியும், புல்தரை போடத் தெரியும். புல்தரை என்றால் கொரியன் புல், மெக்சிகன் புல். பாய் பாயாக வெட்டி வரும். விரித்து, மணல் தூவி, உருளையை உருட்டினால் வேலை முடிந்தது. அதற்கே மூன்று நாள் தூக்கம் வராது எனக்கு. கரையான் வருமோ, கோரை கிளம்புமோ, பணம் தருவார்களோ.

நர்சம்மா கடைக்கு வந்தது ஆவணி வாக்கில் இருக்கும். திருச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. பெயர் ராஜலட்சுமி. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்குமேல் நர்ஸ். ஓய்வு வாங்கிச் சொந்த ஊருக்கு வந்து வீடு கட்டியிருந்தார். போனை நீட்டி ஒரு படம் காட்டினார். ஓட்டு வீடு, அதன் பின்னால் புல். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பார்க்கவே கண்ணுக்குள் ஈரமாக இருந்தது.

"இதே புல்லு வேணும் தம்பி. மெக்சிகன், கொரியன்லாம் வேணாம். நாலு பேருகிட்ட கேட்டாச்சு, இந்த வெயிலுக்கு முடியாதுன்னுட்டாங்க."

எனக்கும் அதையேதான் சொல்லத் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது, "முடியும்ங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தனம் இன்றைக்கும் கேட்கிறாள். கடையில் ஒரு வாரமாக வியாபாரம் இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, முடியாது என்று ஏற்கெனவே நாலு பேரிடம் கேட்டு வந்தவரிடம் ஐந்தாவதாகவும் அதையே சொல்ல நாக்கு வரவில்லை.

பிறகு விசாரித்தேன். அது குளிர் பிரதேசத்துப் புல். விதை ஊட்டியில் ஒரு கடையில் கிடைக்கும். நம்மூரில் கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் பனிக்காலம் முழுக்க நிற்கும், பங்குனி வெயிலில் போய்விடும் என்றார்கள். நர்சம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"பங்குனியில செத்துப்போகும்ங்க. மூணு மாசத்துக்கு இவ்வளவு செலவு தேவையா?"

"எனக்கு மூணு மாசம் வேணாம். ஒரு நாள் இருந்தாப் போதும்."

ஒரு பொய்

அந்த ஒரு நாள் என்ன என்பதை மெல்லத்தான் சொன்னார்.

அங்கே அவர் இருந்தது மூன்றாவது மாடியில் சின்ன வீடு. ஜன்னலில் வைத்த கொத்தமல்லித் தொட்டிதான் தோட்டம். உடன் வேலை பார்த்த ஹெலன் என்ற அம்மாவுக்குத் தனி வீடு, பின்னால் அந்தப் புல். ஞாயிற்றுக்கிழமை இவர் அங்கே போவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். ஈரமாக இருந்தால் அதுவும் கூடாது. ஓரத்தில் நின்று டீ குடித்துவிட்டு வருவார்.

இங்கே வந்த பிறகு ஒருநாள் போனில் பேசும்போது ஹெலன் புல் வெட்டிய கதையைச் சொல்ல, இவருக்கு என்ன தோன்றியதோ, "என் வூட்டுலயும் இருக்கு, உன்னுது மாதிரியே. நானே விதைச்சு வளத்தேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டைச் சுற்றி அப்போது இருந்தது முந்திரிச் சருகும் செம்மண்ணும்.

"அவ டிக்கெட் போட்டுட்டா தம்பி. காணும் பொங்கலுக்கு மறுநாள் வரா. இந்த வயசுல நான் பொய்க்காரின்னு ஆயிடக் கூடாது."

ஒரு நர்ஸ் இப்படி என் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு அன்றைய தூக்கம் போய்விட்டது. பிறகு அது திரும்பி வரவே இல்லை. முன்பணம் இருபதாயிரம் கொடுத்தார். தனம் அன்றைக்கே நகைக்கடனுக்குக் கட்டிவிட்டாள். இனி முடியாது என்று சொல்லவும் வழி இல்லை.

நெல்லுக்காரன் புத்தி

விதை ஐந்து கிலோ பார்சலில் வந்தது. பதர் மாதிரி இருந்தது. ஊதினால் பறந்துவிடும். பையில் எழுதியிருந்ததை நர்சம்மா படித்துச் சொன்னார். மண்ணைச் சமப்படுத்து, தூவு, லேசாகக் கீறிவிடு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள். அவ்வளவுதான்.

இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் இருக்க முடியாது என்பது என் எண்ணம். எறும்பு இழுத்துப் போனால்? குருவி பொறுக்கினால்? விதையே செத்த விதையாக இருந்தால்?

எங்கள் குடும்பம் திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரை. அங்கே யாரும் நெல்லைக் காய்ந்தபடி நாற்றங்காலில் விட மாட்டார்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோலைப் போட்டு மூடி வைப்பார்கள். மறுநாள் பிரித்தால் மூக்கு விட்டிருக்கும். முளைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விதைப்பார்கள். எனக்குத் தெரிந்த தைரியம் அது ஒன்றுதான்.

நர்சம்மாவிடம் சொல்லாமல் அஞ்சு கிலோவையும் ஊற வைத்துச் சாக்கில் கட்டி, மோட்டார் கொட்டகையில் வைத்தேன்.

மறுநாள் பார்த்தேன், முளை இல்லை. அடுத்த நாளும் இல்லை. நெல் என்றால் அதற்குள் வேரே வந்திருக்கும். செத்த விதைதான் என்று முடிவு கட்டி, கடைசி முயற்சியாக வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்து, மேலே இன்னும் இரண்டு கட்டு வைக்கோலைப் போட்டேன். அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. பாடாலூரில் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தனம் போன் செய்தாள். பஸ் பிடித்து ஓடினேன். மூன்று நாள் மழை.

அந்த மூன்று நாளில் சாக்குக்குள் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். நெல் ஒரு நாளில் செய்வதைச் சீமைப்புல் நாலு நாள் யோசித்துச் செய்யும் போல. யோசித்து முடித்ததும் ஒரே மூச்சில் செய்துவிட்டது. அஞ்சு கிலோ விதையும் வேரோடு வேர் பின்னி, தண்ணீரில் நனைத்த கம்பளிப் போர்வை மாதிரி ஒரே துண்டாகி இருந்தது. அதைத் தூவ முடியாது. வேறு விதை வேண்டும் என்றால் பத்து நாள் ஆகும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். பத்து நாள் போனால் ஹெலன் வரும்போது தரையில் மீசை முளைத்த மாதிரிதான் இருக்கும்.

நாற்று அலசிய தொட்டி

நர்சம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்தப் போர்வையில் ஒரு விரலை விட்டு நெம்பினார். உள்ளே அரை அங்குல உயரத்தில் மஞ்சள் குருத்து.

"உசுரு இருக்கு தம்பி. இது ஐ.சி.யூ. கேஸுதான், போஸ்ட்மார்ட்டம் கேஸு இல்ல" என்றார்.

கொளஞ்சி அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிவிட்டாள். "தொட்டியில தண்ணி உடுங்க. நாத்து அலசுற மாதிரி அலசுனா பிரியும்."

"பிரிஞ்சு?"

"பிரிஞ்சா என்ன, நடவேண்டியதுதான். நாங்க என்ன களை எடுக்க மட்டுமா பொறந்தோம்?"

"புல்ல யாராவது நடுவாங்களா?" என்றாள் தனம்.

"புல்ல சாக்குல கட்டி யாராவது முளைக்க வைப்பாங்களா? உங்க வூட்டுக்காரரு வச்சாரில்ல."

நான் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன்.

மூன்று சென்ட் இடம். மழை ஈரத்தில் மண் பதமாகக் குழைந்திருந்தது. ஆள் இரண்டு பேர் வரிசைக்குக் கயிறு பிடிக்க, மூன்று பேர் நட, பிறகு மாற்றிக்கொள்ள என்று ஆரம்பித்தார்கள். தொட்டியில் அலசி, ஐந்தாறு குருத்தாகக் கிள்ளி, விரல் நுனியால் மண்ணில் அழுத்தி, குனிந்தபடியே பின்னால் நடந்தார்கள். மூன்று விரற்கடை இடைவெளி. ஏரிக்கரை வயலில் ஏக்கர் ஏக்கராக நட்ட கை. மூன்று சென்ட் அவர்களுக்குக் கோலம் போடுகிற மாதிரி.

நான் பக்கத்தில் போய், ஆழம் போதுமா, வேர் மடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே, நீங்க அந்த முந்திரி மரத்துக்கிட்ட போயி நில்லுங்க. உங்க நெழலு பட்டாலே வாடிப்போயிரும்" என்றாள் கொளஞ்சி.

போய் நின்றேன். மறுநாள் பதினோரு மணிக்கு நடவு முடிந்தது. பார்த்தால் புல்தரை இல்லை. எலிக்கு அளவாகக் கட்டிய குட்டி நெல் வயல்.

முகம் வாடிய வாரம்

அன்றிலிருந்து நான் அங்கேயே தங்கிவிட்டேன். கடையைத் தனம் பார்த்துக்கொண்டாள்.

முதல் வாரம் எல்லாம் மஞ்சளானது. நான் சாப்பிடவில்லை. கொளஞ்சி வந்து பார்த்துவிட்டு, "நட்ட பயிருன்னா ஒரு வாரம் மொகம் வாடத்தான் செய்யும். வேரு ஓடுனதும் பச்ச புடிக்கும். நீங்க மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.

இந்தப் புல்லுக்குச் சாயங்காலம் தண்ணீர் விடக் கூடாது. ராத்திரி முழுக்க ஈரம் நின்றால் பூஞ்சாணம் பிடித்து வட்டம் வட்டமாக அழுகும். காலையில் மட்டும், பூவாளியால். மார்கழிப் பனி வேறு. விடியற்காலை ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு. நெல்லில் புழு விழுந்தால் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துப் பயிர்மேல் இழுத்துக்கொண்டு போவார்களே, அதே மாதிரி நானும் நர்சம்மாவும் கயிறு பிடித்துப் பனியை உதறினோம். அவர் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டிருப்பார். எதிர்முனையிலிருந்து ஆஸ்பத்திரிக் கதை சொல்லிக்கொண்டே நடப்பார். எனக்குப் பாதி காதில் விழாது. ஒரு மூலையில் வெள்ளையாகத் தெரிகிறதே, பூஞ்சாணமா, சிலந்தி வலையா என்று அங்கேயே கண் இருக்கும்.

சிலந்தி வலைதான். ஒவ்வொரு நாளும்.

பத்தாம் நாள் பச்சை பிடித்தது. மூன்றாம் வாரம் தூர் வெடித்தது. ஒரு குத்தில் ஐந்து இருந்தது பதினைந்து ஆனது. வரிசைக்கு நடுவில் தெரிந்த செம்மண் நாளுக்கு நாள் மறைந்தது. வெட்டும் மெஷினின் கத்தியைச் சாணை பிடித்து, உயரத்தை உச்சப் படியில் வைத்து, மேல் நுனியை மட்டும் ஒருமுறை வெட்டினேன். நர்சம்மா ஸ்கேல் வைத்து அளந்தார். போகிப் பண்டிகையன்று நின்று பார்த்தபோது போனில் பார்த்த அந்தப் பச்சை தரையில் இருந்தது.

ஆனால் மேற்கு மூலையில் நின்று, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால், வரிசை தெரிந்தது.

ஹெலன் வந்தார்

"அவ வர்றன்னைக்கு நீங்க இருக்காதீங்க தம்பி. நானே வளத்தேன்னு சொல்லியிருக்கேன்" என்று நர்சம்மா முன்பே சொல்லியிருந்தார். சரி என்று பாடாலூர் போய்விட்டேன். அங்கே இருக்க முடியவில்லை. யாராவது ஆட்டை உள்ளே விட்டுவிட்டால்? விடியற்காலை பஸ்ஸில் ஏறி, பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று மாறி மாறி வந்து சேர்ந்தேன். கேட்டைத் திறக்கும்போது இருவரும் தோட்டத்தில் நின்றிருந்தார்கள்.

நர்சம்மா என்னைப் பார்த்து ஒரு கணம் விழித்தார். பிறகு ஹெலனிடம் ஏதோ சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது. அந்த முந்திரித் தோப்பில் பக்கத்து வீடு ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறது.

ஹெலன் நல்ல உயரம். வெள்ளைத் தலை, பூப்போட்ட தொப்பி. செருப்பைக் கழற்றினார். புல்லில் கால் வைத்து நடந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. திரும்பினார். மேற்கு மூலையில் நின்றார். கண்ணைச் சுருக்கினார்.

நான் நின்று கண்ணைச் சுருக்கிய அதே இடம்.

அவர் மண்டி போட்டு, இரண்டு கையாலும் புல்லை விலக்கிப் பார்த்தார். நர்சம்மாவிடம் ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் விரலால் கோடு கோடாகக் காற்றில் இழுத்துக் காட்டியது புரிந்தது. ஏன் வரிசையாக இருக்கிறது என்று கேட்கிறார்.

நர்சம்மா தலையைக் குனிந்தபடி புல்லையே பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில் கேட்டார்.

"தம்பி, உள்ளத சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்கம்மா. நாலு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல."

சொன்னார். நின்றபடியே, கையைக் கட்டிக்கொண்டு, வார்டில் ரிப்போர்ட் கொடுப்பவர் மாதிரி சொன்னார். என்னைக் கை காட்டினார். சாக்கு கட்டுவது போலக் காட்டினார். குனிந்து நடுவது போலக் காட்டினார். ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியது. அப்படியே புல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அவரும் ஏதோ சொன்னார். அதைக் கேட்டு நர்சம்மாவும் அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"அவ வூட்டுப் புல்லைப் பேத்து எடுத்துட்டு, கார் நிறுத்தக் கல்லு பதிச்சு நாலு வருசம் ஆச்சாம் தம்பி. முட்டி வலி, வெட்ட முடியலியாம். என்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வாராவாரம் போன்ல புல்லு வெட்டுனேன், புல்லு வெட்டுனேன்னு சொல்லியிருக்கா."

இரண்டு பேரும் அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. டீயைப் புல்லுக்கே கொண்டு வரச் சொன்னார்கள். ஈரமாகத்தான் இருந்தது. எந்தெந்தக் குத்து நசுங்குகிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நர்சம்மா உள்ளே போய் எனக்கு வர வேண்டிய மீதிப் பணத்தை முழுதாகக் கொண்டு வந்து கையில் வைத்தார்.

வரப்பில் வந்தவர்

நட்டவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஹெலன் ஆசைப்பட்டார். ஆள் அனுப்பினோம். கொளஞ்சியும் அந்த நான்கு பெண்களும் பொங்கல் புடவையிலேயே வந்தார்கள். ஹெலன் எழுந்து கும்பிட்டார்.

கொளஞ்சி கும்பிட்டுவிட்டு, நேராகப் புல்லின் ஓரத்துக்குப் போய் ஒரு குத்தைப் பிடுங்கினாள். என் நெஞ்சிலிருந்து பிடுங்கிய மாதிரி இருந்தது. அதை ஹெலனின் காலடியில் வைத்துவிட்டு, வழியை மறித்து நின்றாள். மற்ற நான்கு பேரும் வந்து சேர்ந்து நின்றார்கள். ஹெலன் திகைத்துப்போனார்.

நர்சம்மா விளக்கினார். நடவு வயலுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் நடுகிற பெண்கள் நாற்றைக் காலடியில் வைத்து மறிப்பார்கள். ஏதாவது கொடுத்தால்தான் வரப்பைத் தாண்டலாம்.

"நட்ட அன்னைக்கு நீங்க வரல. அதான் இப்பக் கேக்குறோம்" என்றாள் கொளஞ்சி. "நூத்தியொண்ணு குடுக்கச் சொல்லுங்க, போதும்."

ஹெலன் கைப்பையைத் துழாவினார். அவர் ஊர் நோட்டும் ஒரு கார்டும்தான் இருந்தன. நர்சம்மா தன் பர்ஸைத் திறந்தார். கொளஞ்சி கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க வூட்டுக்காரங்க நர்சம்மா. வரப்புல வந்தவங்கதான் தரணும்."

"அவகிட்ட நம்ம பணம் இல்லையே கொளஞ்சி."

"இல்லன்னா என்ன. அடுத்த மார்கழிக்கு நடவு உண்டுல்ல, அப்ப வந்து குடுக்கட்டும். நாங்க எங்கயும் ஓடிப்போவல."

நர்சம்மா அதை ஹெலனிடம் சொன்னார். ஹெலன் தலையை ஆட்டி, கொளஞ்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொளஞ்சி நகர்ந்து வழிவிட்டாள்.

பங்குனியில் புல் வைக்கோல் நிறமானது. சித்திரையில் பெருக்கி எடுத்தோம். ஹெலன் மறுபடியும் டிக்கெட் போட்டிருக்கிறார் என்று போன வாரம் நர்சம்மா சொன்னார். இந்தத் தடவை விதையை ஊற வைக்கலாமா, தூவலாமா என்று எனக்கு இப்போதே கவலை. கொளஞ்சிக்கு அந்தக் கவலை இல்லை. நட்டால்தானே வரப்பில் மறித்து வசூலிக்க முடியும். நூற்று ஒரு ரூபாய் இன்னும் பாக்கி.